வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மனைவி

"வெள்ளிக்கிழமை ஓனர் மேடம் வருது சாப். உங்க பீவியைப் பார்க்கணுமாம்."

வாட்ச்மேன் கலீல் ரஹ்மான் மாடிப்படியை மறித்து நின்றுகொண்டு இதைச் சொன்னபோது, சேதுமாதவனின் ஒரு கையில் வெங்காயப் பையும் மறு கையில் பால் பவுடர் டின்னும் இருந்தன. இரண்டையும் கீழே வைக்காமலே அவனுக்கு வியர்த்தது. கலீல் பெஷாவர்க்காரர். அவர் நலம் விசாரித்தால்கூட அது போலீஸ் விசாரணை போலத்தான் சேதுவின் காதில் விழும்.

"எதுக்காம்?"

"எல்லா ஃபேமிலியையும் பார்க்குதாம். முதல்ல உங்க வீடு. அப்புறம் மத்தது. உங்க பீவி ஊர்லேர்ந்து எப்ப வருது சாப்? பிரசவத்துக்குப் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு."

யோசித்துப் பதில் சொல்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சேதுமாதவன் அந்த ஜாதியில்லை. இக்கட்டு என்று வந்தால் அவனுக்குப் புத்தி பின்தங்கி, வாய் முந்திக்கொள்ளும்.

"வியாழக்கிழமை வந்துடறா பாய். சாயங்கால ஃப்ளைட்."

சொல்லி முடித்த பிறகுதான் கலீலின் தோளுக்குப் பின்னால் இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு நாகவள்ளி நிற்பதைப் பார்த்தான். ஒரு கையில் அவள் மகள் தாமரை; மறு கையில் இவன் மகள் ஜெயபாரதி.

"ஓ. நல்ல விஷயம் சார்" என்றாள் நாகவள்ளி. பாரதியின் கையை மெதுவாக விட்டுவிட்டு மாடியேறிப் போனாள். மேலே அவள் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. குழந்தைகள் வந்து போவதற்காக எட்டு மணி வரை திறந்தே இருக்கும் கதவு அது.

சேதுமாதவனின் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. மதுரையில் இறந்து மூன்று வருஷமாகிறது.

எழுபத்தேழாம் வருஷத்து துபாயில் பெண்டாட்டி பக்கத்தில் இல்லாத ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவன் பெயர் 'பேச்சிலர்'. ஊரில் ஆறு பிள்ளை பெற்றவனும் பேச்சிலர், அறுபது வயதானவனும் பேச்சிலர். தேரா பகுதியில் நல்ல கட்டடம் என்று எது இருந்தாலும் அதன் வாசலில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று சொல்ல ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பான். கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, கைநிறையச் சம்பளம், ஏழு வயதுப் பெண் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தும் சேதுவுக்கு வீடு கிடைக்கவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு வரைந்தவனுக்குக் குடியிருக்க ஒரு வீடு இல்லை. "பெண் குழந்தையை பேச்சிலர் ரூமிலா வளர்ப்பே? பாரதியை எங்ககிட்ட அனுப்பு" என்று மதுரையிலிருந்து மைத்துனன் ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்தான். அந்த நெருக்கடியில்தான் இந்தக் கட்டடத்து வாசலில் நின்றபடி, "மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கா" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். உடனே வீடு கிடைத்தது. பொய்யைப் பலப்படுத்த, வெள்ளிக்கிழமை தோறும் தன் சட்டைகளோடு மனைவியின் பழைய புடவை ஒன்றையும் நனைத்து மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டு வந்தான். பிரசவத்துக்குப் போனவளின் புடவை வாராவாரம் எப்படி அழுக்காகும் என்று அவனுக்கே தோன்றவில்லை.

அந்தக் கொடிக்குப் பக்கத்துக் கொடி நாகவள்ளியுடையது. கரூர்க்காரி, ஒரு கிளினிக்கில் நர்ஸ். கட்டடத்தின் சொந்தக்காரியான உம்மு ஹானிக்குத் தினமும் காலையில் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவளும் அவள்தான். அவளுடைய புருஷன் கோபாலசாமி நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. எப்போதோ லீவில் வருவானாம், வந்த வேகத்தில் போய்விடுவானாம். சேது அவனை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சட்டையை மட்டும் கொடியில் பார்த்திருக்கிறான், நீலக் கோடு போட்ட சட்டை. அந்தச் சட்டையின் மேல் சேதுவுக்கு இருந்த பொறாமையை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஏனென்றால் எதிர்வீட்டு நாகவள்ளியின் மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. அவன் ஆபீஸிலிருந்து வரும்வரை பாரதி அவள் வீட்டில் இருப்பாள். இரவில் தாமரை இவன் வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவாள். குழம்புக் கிண்ணம் அங்கிருந்து இங்கு வரும், இங்கிருந்து ஏதாவது போகும். பாரதிக்கு ஜுரம் வந்த ராத்திரி முழுக்க அவள் ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அவன் விழுந்துவிட்டான். ஆனால் அவள் அடுத்தவன் மனைவி. போதாக்குறைக்கு ஊரே அவளைக் கூப்பிடுகிறபடி அவனும் அவளை வாய் நிறைய 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டாக வேண்டியிருந்தது.

மறுநாள் ஆபீசில் கீழக்கரை முகம்மது சித்தீக்கிடம் விஷயத்தைக் கொட்டினான். சித்தீக் அவனுக்கு அடுத்த மேஜை. எந்தச் சிக்கலுக்கும் தயங்காமல் யோசனை சொல்லுவார். யோசனை பலித்ததா என்று பிறகு திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

"இதுக்கா சேது சார் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? ஒரு பொம்பளை பெட்டியோட டாக்ஸில வந்து இறங்கணும், மாடி ஏறணும். வாட்ச்மேன் பார்க்கணும். அவ்வளவுதானே?"

"வெள்ளிக்கிழமை மேடம் வந்து பார்ப்பாங்களே பாய்."

"வந்த அன்னிக்கே உடம்புக்கு முடியாமப் படுத்துட்டான்னு சொல்லுங்க. படுத்த பொம்பளையை யாரு எழுப்பப் போறா?"

"பொம்பளைக்கு எங்க போறது?"

"என் வீட்டுல ஒண்ணு சும்மாதானே இருக்கு" என்றார் சித்தீக். அவர் மனைவி ஷம்சியா காதில் இது விழுந்திருந்தால் அவருக்கு அன்று ராத்திரி சோறு கிடைத்திருக்காது.

ஷம்சியா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "தாயில்லாப் புள்ளை வீடில்லாம நிக்கக் கூடாதேன்னுதான் அண்ணே வர்றேன். ஏறுவேன், இறங்குவேன். வாயத் தொறக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஏறும்போது சேது மனைவியின் புடவையைக் கட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏறுவது, கொஞ்ச நேரம் கழித்து முன்னதாகவே சேதுவிடம் கொடுத்துவைத்த தன் கறுப்பு அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குவது என்று ஏற்பாடு. பிசிறில்லாத திட்டம் என்று சித்தீக் தொடையைத் தட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்ஸி வந்து நின்றது. கலீல் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பெட்டி அவர் தலைக்கு மேலே போயிற்று.

சேதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலிப் பெட்டி.

இந்தியாவிலிருந்து திரும்புகிற ஒரு குடும்பப் பெண்ணின் பெட்டி எவ்வளவு கனக்கும் என்பது துபாயில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதா? ஊறுகாய், முறுக்கு, இட்லி அரிசி, சீயக்காய், பக்கத்து வீட்டுக்காரன் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி என்று இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். கலீல் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"சாப், இதுல ஒண்ணுமில்லையே."

"கஸ்டம்ஸ்ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்க பாய்."

"துணியைக்கூடவா?"

சேது அவசரமாக ஷம்சியாவைப் படியேற்றினான். அவளும் சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்காமல் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் கலீல் நின்றுவிட்டார்.

"பச்சா எங்கே சாப்?"

"எந்த பச்சா?"

"பிரசவத்துக்குப் போச்சே உங்க பீவி. பிறந்த பச்சா எங்கே?"

பெட்டியை யோசிக்கவில்லை என்றால் போகட்டும். ஒரு குழந்தையையே யோசிக்காமல் விட்டதை என்னவென்று சொல்வது? ஒன்றரை வருஷமாக ஊருக்கெல்லாம் பிரசவம் பிரசவம் என்று சொன்னவனுக்கு, பிரசவம் என்றால் கடைசியில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும் என்பது நினைவில் இல்லை. முந்தானைக்குள் ஷம்சியாவின் தோள் குலுங்கிற்று. அவள் சிரிக்கிறாளா பயப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"ஊர்ல விட்டுட்டு வந்துட்டா" என்றான் சேது.

கலீலின் முகம் மாறிவிட்டது. அவருக்குப் பெஷாவரில் ஐந்து பிள்ளைகள். "பால் குடிக்கிற பச்சாவை விட்டுட்டு ஒரு அம்மா வருமா? எப்படிப்பட்ட அம்மா சாப் இது?"

செத்துப்போன தன் மனைவியை, பெற்ற பிள்ளையைத் தூக்கி எறிந்தவள் என்று ஒருத்தர் நினைப்பதை சேதுவால் தாங்க முடியவில்லை. அதுதான் வினை. வாய் மறுபடியும் முந்திக்கொண்டது.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாய். அவளுக்கு அம்மை போட்டிருக்கு. பிள்ளைக்கு ஒட்டிக்கும்னுதான் விட்டுட்டு வந்திருக்கா."

கலீல் பெட்டியை அங்கேயே போட்டார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டார். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம் மேலே வரை கேட்டது.

வீட்டுக்குள் வந்ததும் ஷம்சியா அவசர அவசரமாக அபாயாவை மாட்டிக்கொண்டாள். "அண்ணே, அந்தப் பட்டான் குழாயடியிலேயே நிக்கிறான். எப்படிப் போறது?"

"விறுவிறுன்னு போயிடுங்க. கறுப்பு உடுத்தி எத்தனையோ பேர் போறாங்க, வர்றாங்க."

எத்தனையோ பேர் போகலாம். ஆனால் அந்த மாடிப்படியில் சாயங்காலம் முழுக்கக் கறுப்பு உடுத்தி ஒருத்தரும் ஏறவில்லை. ஷம்சியா வாசலைத் தாண்டிய அடுத்த நிமிஷம் கலீல் மேலே வந்து, வாசலுக்கு நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

"சாப், மேலே போகாத பொம்பளை எப்படிக் கீழே வந்தது?"

"அது... அம்மைக்கு வைத்தியம் பார்க்கிறவங்க."

"எப்ப வந்தாங்க?"

"காலையிலேயே."

"உங்க பீவி வர்றதுக்கு முன்னாடியே வைத்தியம் பார்க்க வந்துட்டாங்களா?"

 கலீல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மேடத்துக்குச் சொல்லணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். ஒரு பொண்டாட்டி இல்லை என்று தெரிந்தால் வீடு போகும். ஒன்றுக்கு இரண்டாய் வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் வேலையும் சேர்ந்து போகும். பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்ததோடு நிற்காமல், அந்தக் குரங்கு இப்போது மேடத்தின் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அழைப்பு மணி மறுபடி அடித்தது. கதவை ஒரு கோடு அளவு திறந்தான். கையில் தெர்மாமீட்டரோடு நாகவள்ளி நின்றாள்.

"கலீல் பாய் சொன்னார். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முடியலையாமே. பார்க்கலாம்னு வந்தேன்."

"அம்மை சிஸ்டர். கிட்ட வராதீங்க."

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு சார். மறுபடி ஒட்டாது."

"இல்ல, அவ தூங்குறா."

"தூங்கினாலும் ஜுரம் பார்க்கலாம்."

"அவளுக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கல சிஸ்டர்."

நாகவள்ளி தெர்மாமீட்டரை அதன் கூட்டுக்குள் போட்டாள். உடனே போய்விடவும் இல்லை.

"நான் யாருன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா சார்?"

"சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

இப்படி ஒரு கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல அவன் வாய் முந்தியிருக்கலாம். வேண்டிய நேரத்தில் அது வராது. "எதிர்வீட்டு சிஸ்டர்னு" என்றான் கடைசியில்.

"சரிதான்" என்றாள் அவள். "அவங்களை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். பரவாயில்லை. பாரதியை ராத்திரிக்கு எங்க வீட்டுக்கு அனுப்புங்க. அம்மை வீட்டுல குழந்தை படுக்கக் கூடாது." திரும்பிப் போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது போல அவனுக்குப் பட்டது. தன்னை ஒரு நோயாளியைப் பார்க்கவிடாத கோபம் என்று நினைத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்குப் புத்தி அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பாரதி தன் புத்தகப் பையை எடுக்க வந்தாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, புதிதாகப் பின்னல் போட்டிருந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, கலீல் அங்கிள் மம்மி வந்தாச்சுன்னு சொன்னாங்க."

"அது வந்தும்மா..."

"ஐ நோ அப்பா. இட்ஸ் அவர் ஸ்டோரி. நாம சும்மா சொல்றது. எனக்குத் தெரியும்." அவள் கதவின் கைப்பிடியைத் தொட்டாள். "பட் ஒரே ஒரு தடவை உள்ள பார்க்கட்டுமா?"

சேதுமாதவன் கதவைத் திறந்துவிட்டான். கட்டில் காலியாக இருந்தது. அதன் மேல் ஷம்சியா அவிழ்த்துப் போட்ட புடவை சுருட்டிக் கிடந்தது. பாரதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "ஓகே" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அவன் கட்டிலில் உட்கார்ந்து புடவையை மடித்தான். வீட்டைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையின் நெஞ்சில் எதைக் கிளறிவிட்டோம் என்று நினைத்தபோது அவனுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. அழுதான். போதும், நாளைக்கு மேடம் வரட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம். வீடு போனால் போகட்டும். பாரதியை மட்டும் அனுப்ப மாட்டேன், ஷார்ஜாவிலோ அஜ்மானிலோ ஒரு தகரக் கொட்டகையாவது கிடைக்காமலா போகும் என்று தீர்மானித்தான். தீர்மானம் உறுதியாகத்தான் இருந்தது. 

வெள்ளிக்கிழமை காலையில் உம்மு ஹானி வந்தாள். அரபுப் பெண்கள் போடுகிற பித்தளை நிறத்து முகமூடி, கையில் ஒரு தடி, பின்னால் ஹரீஸ் என்கிற கோதுமை இறைச்சிக் கஞ்சி நிரப்பிய பெரிய பாத்திரத்தைச் சுமந்துகொண்டு கலீல். அவருக்கும் பின்னால் ஊசிப் பெட்டியோடு நாகவள்ளி. உம்மு ஹானியின் தகப்பனார் பம்பாயில் முத்து வியாபாரம் செய்தவர். அதனால் அவள் பேசுகிற இந்தி சேதுமாதவனின் இந்தியைவிடச் சுத்தமாக இருக்கும்.

"எங்கே உன் பீவி?"

"அம்மா, உள்ளே வராதீங்க. அம்மை..." பழக்க தோஷம். தீர்மானமெல்லாம் அவளைக் கண்டதும் பறந்துவிட்டது.

"எனக்கு நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்தாச்சு" என்று அவனைத் தடியால் ஒதுக்கிவிட்டு அவள் உள்ளே நுழைந்தாள். அம்மை என்ற ஒரே ஆயுதத்தை அவன் எடுத்ததெல்லாம் அம்மை வந்து போனவர்களிடமாகவே அமைந்தது. கலீல் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்.

உம்மு ஹானி படுக்கையறைக் கதவைத் தடியால் தள்ளினாள். காலிக் கட்டில். "எங்கே?"

"குளிக்கிறா போல."

குளியலறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

"மேலே போகாம கீழே வந்தாளே, அவள் யார்?"

சேது நாகவள்ளியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்திருந்த எதிர்வீட்டுக் கதவில் பாரதியும் தாமரையும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நேற்று அந்தக் குழந்தை காலிக் கட்டிலைப் பார்த்த பார்வை அவன் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தாம்மா. என் நண்பரோட சம்சாரம், எனக்காக வந்து போனாங்க. அவங்க மேல தப்பில்லை. எனக்கு மனைவி இல்லை. செத்துப்போய் மூணு வருஷமாச்சு. பிரசவம், அம்மை, எல்லாம் பொய். இந்தப் பிள்ளையை வெச்சிக்கிட்டு நிக்க எனக்கு இடம் கிடைக்கலை. அதனால சொன்னேன். காலி பண்ணச் சொன்னா பண்ணிடறேன்."

 வாசலில் கலீல் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் நாகவள்ளி தமிழில்.  "நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

"உங்ககிட்டதான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்." இனி மறைக்க என்ன இருக்கிறது என்கிற துணிச்சல் அவனுக்கு வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர் கடல்ல இருக்கார். குடும்பஸ்தன்னு நெனச்சுதான் நீங்க கதவைத் திறந்து வெச்சீங்க. பொண்டாட்டி இல்லாதவன் வீட்டுலேர்ந்து ஒரு கிண்ணம் ரசம் வாங்கினாக்கூட ஊர் நாலு விதமாப் பேசும். தெரிஞ்சா நீங்க கதவைச் சாத்திக்குவீங்க. வீடு போறதைவிட எனக்கு அந்தக் கதவு சாத்திக்குமேங்கிற பயம்தான் பெரிசா இருந்தது. இது தப்புதான். நீங்க இன்னொருத்தர் மனைவி. ஆனா பொய் சொல்லி அலுத்துப்போச்சு எனக்கு."

நாகவள்ளி ஊசிப் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சேதுவோ வாய்க்கொழுப்பால் வீட்டையும் விட்டோம், இவளையும் விட்டோம் என்று நினைத்தான்.

உம்மு ஹானிக்குத் தமிழ் தெரியாது. அவள் தன் பாட்டுக்கு அலமாரியைத் திறந்து துணிகளைத் தடியால் விலக்கிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் அரிசி டிரம்மின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள்.

"அதான் இல்லைன்னு சொல்லிட்டேனேம்மா" என்றான் சேது.

"ஆம்பளை இல்லைன்னு சொன்னா இருக்கும், இருக்குன்னு சொன்னா இருக்காது. நானே பார்க்கணும்."

படுக்கையறைக்குத் திரும்பி வந்தவள், தடியை ஊன்றி முழங்காலில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. சேது கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவள் மூச்சு வாங்கி, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவனை விட்டுவிட்டு நேராக நாகவள்ளியின் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், நீ போய்ப் பார்க்கச் சொன்னபடி கட்டிலுக்கு அடியில வரைக்கும் பார்த்துட்டேன்; நீ கதை கட்டிவிட்ட உன் கடல் புருஷன் கோபால் எப்படியோ, இவன் பொண்டாட்டியும் அப்படித்தான், ஆளே இல்லை, மாஃபி, கலாஸ், இனி உங்களுக்கு எதுக்கு ரெண்டு வீடு, ஒண்ணைக் காலி பண்ணிக் குடுங்க."